பாயிரம் எழுப்பும் வினாக்கள்: அமெரிக்க இலக்கியத்தைத் தமிழ்த்துறைகள் அணுகும் முறை குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழ்த்துறைகளுக்குள் அமெரிக்க இலக்கியம் பெரும்பாலும் ஒப்பிலக்கியத் தாளின் வழியாகவே நுழைகிறது. பாரதியும் விட்மனும், தலித் தன்வரலாறும் கறுப்பினத் தன்வரலாறும் என எண்ணும்மையால் இணைந்த தலைப்புகள் ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இரு பொருள்களை அடுக்கிவைப்பதே எண்ணும்மையின் வேலை. அவற்றுக்கிடையே உள்ள உறவு எத்தகையது என்பதை அது சொல்வதில்லை. நம் ஆய்வேடுகள் பலவும் அவ்வாறே அடுக்கிவைப்பதோடு நின்றுவிடுகின்றன.

சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் இராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றிலும் தமிழும் ஆங்கிலமும் தனித்தனித் துறைகள். ஓரிடத்தில் அமெரிக்க இலக்கியம் தனித்தாளாகப் பயிலப்படுகிறது. மற்றோரிடத்தில் நன்னூலும் தொல்காப்பியமும் பயிலப்படுகின்றன. ஒரு துறையின் கருவி மற்றதன் பாடநூலைத் தொடுவது அரிது. அமெரிக்கப் புனைவையும் கவிதையையும் வாசிக்கத் தமிழ் மாணவர் கடன் வாங்கிய கோட்பாட்டோடுதான் வரவேண்டுமா, அல்லது தம் மரபிலிருந்தே வினாக்களைக் கொண்டுவர இயலுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இயலும் என்பது இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு. ஆயினும் மரபிலிருந்து வினாக்களை மட்டுமே எடுக்கலாம்; விடைகளை எடுத்தலாகாது.

நிலவும் மூன்று அணுகுமுறைகள்

முதலாவது, தாக்க ஆய்வு. பாரதி விட்மனைப் பற்றி எழுதியிருப்பதும், ந. பிச்சமூர்த்தி தம் புதுக்கவிதை முயற்சிக்கு விட்மனின் 'புல்லின் இதழ்கள்' தூண்டுதலாயிற்று என்று கூறியிருப்பதும் அறிந்தவையே. இவ்வகை ஆய்வு யாரிடமிருந்து யார் பெற்றார் என்பதை நிறுவுகிறது. ஆனால் அதில் விட்மன் ஓர் ஊற்றுக்கண்ணாக மட்டுமே நிற்கிறார். அவருடைய நூல் வாசிக்கப்படுவதில்லை.

இரண்டாவது, கோட்பாட்டுப் பொருத்தம். 1959ஆம் ஆண்டு சனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழின் அலசல் விமர்சனத்தில் ஆங்கில, அமெரிக்கப் புதுத்திறனாய்வாளர்களின் செல்வாக்கு உண்டு. அவ்வழியைக் கடுமையாக மறுத்த க. கைலாசபதியும், தம் 'தமிழ் வீரநிலைக் கவிதை' (1968) ஆய்வில் மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு என்னும் அமெரிக்க அறிஞர்களின் வாய்மொழிப் பாடல் கோட்பாட்டைத் துணைக்கொண்டார். இருவரும் அமெரிக்கக் கருவிகளால் தமிழ்ப் பனுவல்களை வாசித்தவர்கள். இதன் மறுதலையாக, நிர்மல் செல்வமணி போன்றோர் திணைக் கோட்பாட்டைச் சூழலியல் திறனாய்வின் அடிப்படையாக முன்வைத்துள்ளனர். அது பெரிய திருப்பம். எனினும் அதனைப் பின்பற்றுவோர் பலரிடம் அது பெயரொட்டும் வேலையாகச் சுருங்கிவிட்டது. கடல் வந்தால் நெய்தல், மலை வந்தால் குறிஞ்சி என்று ஹெமிங்வேக்கும் ஃபிராஸ்டுக்கும் திணை வகுப்பதால் அவர்களைப் பற்றியும் திணையைப் பற்றியும் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை.

மூன்றாவது, இணைகாணல். இரு சமூகங்களின் ஒடுக்குமுறையையும் அனுபவ அளவில் சமன்படுத்தி, ஒற்றுமைகளைப் பட்டியலிட்டு, சில வேற்றுமைகளோடு முடிப்பது. நோக்கம் நேரியதே. ஆனால் பட்டியலில் இரு நூல்களும் தம் காலத்தையும் களத்தையும் இழந்துவிடுகின்றன.

பாயிரம் என்னும் கருவி

நன்னூற் பாயிரவியல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுக்கிறது: நூலைச் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறக் கருதிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என மூன்றைக் கூட்டுவாரும் உளர் என்கிறது. பாயிரம் சொல்லத் தக்கவர் யாவர் என்பதையும் அது வரையறுக்கிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கி, அவ்விலக்குக்கு விதிவிலக்குகளையும் தருகிறது. தன் ஆற்றலை உணராதவர் நடுவிலும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என்பன அவற்றுள் இரண்டு.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரை உடன் கற்றவர் என்றே மரபு கூறும். பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் நூல் அரங்கேறியதை அப்பாயிரம் பதிவுசெய்கிறது. ஒரு நூலின் மதிப்புக்கு யார் பொறுப்பேற்கிறார், எந்த அவையில், எந்த உரிமையில் என்பனவே இங்கு எழும் வினாக்கள். இவ்வினாக்களோடு மூன்று அமெரிக்க நூல்களை அணுகிப் பார்க்கலாம்.

ஃபிலிஸ் வீட்லி: மாறிய அவை

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கொண்டுவரப்பட்டு 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்டவர் ஃபிலிஸ் வீட்லி. அவருடைய கவிதைத் தொகுதி 1773இல் இலண்டனில் வெளிவந்தது. நூலின் முகப்பில் அவருடைய உரிமையாளரின் கடிதமும், மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் உள்ளிட்ட 18 பேர் கையொப்பமிட்ட சான்றுரையும் உள்ளன. இக்கவிதைகளை எழுதியவர் இந்த அடிமைப்பெண்ணே என்று தாம் நம்புவதாக அவர்கள் உறுதி கூறுகின்றனர்.

அரங்கேற்றத்தில் அவை நூலை ஆராயும். நூலில் குற்றம் உண்டா என்று வினவும். இங்கு அவை ஆராய்ந்தது நூலை அன்று, ஆளை. கவிதை நன்றா தீதா என்பது அச்சான்றுரையின் கவலையே அன்று. இவளால் கவிதை எழுத இயலுமா என்பதே கவலை. ஆக்கியோன் பெயர் என்னும் முதற்செய்தியே ஐயத்துக்குள்ளாகும்போது ஏனைய ஏழும் பின்தள்ளப்படுகின்றன. வீட்லியின் கவிதைகளில் காணும் மரபிறுக்கத்தைக் குறையாகச் சொல்லும் திறனாய்வாளர், அவை எத்தகைய வாயிலைக் கடந்து அச்சேறின என்பதை முதலில் கணக்கிற்கொள்ள வேண்டும்.

டக்ளஸ்: ஆசிரியர் இல்லாத பாயிரம்

ஃபிரெடரிக் டக்ளசின் தன்வரலாறு 1845இல் வெளிவந்தது. தாமே எழுதியது என்னும் குறிப்பு தலைப்பிலேயே இடம்பெற்றது. வில்லியம் லாயிட் காரிசனின் முன்னுரையும் வெண்டல் ஃபிலிப்சின் கடிதமும் நூலுக்கு முன் நின்றன. இருவரும் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வெள்ளையினத் தலைவர்கள். நன்னூல் வகுத்த நால்வருள் இவர்கள் யார்? ஆசிரியர் அல்லர், உடன் கற்றவர் அல்லர், மாணாக்கர் அல்லர், உரைகாரரும் அல்லர். புரவலர் என்பதே பொருந்தும். அப்பட்டியலில் புரவலருக்கு இடமில்லை.

ஆசிரியரின் இடம் ஏன் வெறுமையாயிற்று என்பதற்கு நூலே விடை தருகிறது. எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கிய எசமானியைக் கணவர் தடுத்துவிடுகிறார். பின்னர்த் தெருவில் கண்ட வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து டக்ளஸ் எழுத்துக் கற்கிறார். அச்சிறுவர்களின் பெயரைச் சொல்ல விருப்பம் இருந்தும், அவர்களுக்குச் சங்கடம் நேரக்கூடும் என்பதால் சொல்லாது விடுகிறார். ஆசிரியர் பெயரைக் கூறுவது மாணாக்கரின் கடன் என்று பயின்ற நமக்கு, ஆசிரியர் பெயரை மறைப்பதே கடனாகிய இந்நிலை அடிமைமுறையின் கொடுமையைப் புதிதாகக் காட்டுகிறது.

நூல் வெளிவந்த அதே ஆண்டில், டக்ளசை முன்னர் அறிந்த தாம்சன் என்பவர், அவருக்கு இத்தகைய நூலை எழுதும் ஆற்றல் இல்லை என்று அச்சில் மறுத்தார். டக்ளஸ் அதற்கு விடை எழுதினார். அயர்லாந்தில் வெளியான பிற்பதிப்பில் அம்மறுப்பையும் சேர்த்துக்கொண்டார். தம்மைப் பழித்தவரே தாம் யார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டதை அவர் உணர்ந்திருந்தார். தன்னைப் புகழ்தற்குரிய விதிவிலக்குகளாக மேலே சுட்டிய இரு சூழல்களும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. 1855இல் வெளியான அவருடைய இரண்டாம் தன்வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவர் கறுப்பின மருத்துவரும் அறிஞருமான ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித். பாயிரம் புரவலரிடமிருந்து தோழரிடம் வந்து சேர்ந்தது. பத்தாண்டுகளில் நிகழ்ந்த அரசியல் மாற்றத்தை இவ்வொரு பெயர்மாற்றமே சொல்லிவிடுகிறது.

விட்மன்: தன்னைத் தானே புகழ்தல்

அதே 1855இல் 'புல்லின் இதழ்கள்' முதற்பதிப்பு வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. எதிர்ப்பக்கத்தில் அவர் உருவம் மட்டும் உண்டு. நெடிய உரைநடை முகவுரை ஒன்றும் உண்டு. தற்சிறப்புப் பாயிரத்தில் தெய்வ வணக்கமும் செயப்படுபொருளும் வரவேண்டும் என்பது நம் மரபு. விட்மனின் முகவுரையில் தெய்வ வணக்கத்தின் இடத்தில் நாடும் மக்களும் நிற்கின்றனர். பின்னர் அவர் தம் நூலுக்குத் தாமே பெயரின்றி மதிப்புரைகள் எழுதினார். எமர்சன் தனிப்பட்ட முறையில் எழுதிய பாராட்டுக் கடிதத்தின் ஒரு தொடரை, இசைவு பெறாமலேயே 1856ஆம் ஆண்டுப் பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார்.

ஒரே ஆண்டில் வெளிவந்த இரு நூல்களையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. விட்மன் தம் பெயரைத் தலைப்புப் பக்கத்திலிருந்து நீக்கிக்கொள்ள முடிந்தது. அவர் எழுதவல்லவர் என்பதை எவரும் ஐயுறவில்லை. டக்ளசுக்கு அவ்வுரிமை இல்லை. பெயரின்மை ஒருவருக்குக் கலை உத்தி, மற்றவருக்கு ஆபத்து. பாரதி–விட்மன் ஒப்பீடுகள் விட்மனின் 'நான்' என்னும் விரிந்த தன்னிலையைப் போற்றும்போது, அத்தன்னிலையைத் தாங்கும் இச்சலுகையை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓர் எதிர்வாதம்

இவ்வினாக்களை அமெரிக்கத் திறனாய்வாளர்களே எழுப்பிவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மை. கறுப்பினத் தன்வரலாறுகளின் சான்றாவணங்களை ராபர்ட் ஸ்டெப்டோ 1979இலேயே ஆராய்ந்துள்ளார். நூலைச் சூழ்ந்த முகப்புப் பகுதிகளைப் பற்றிய ஜெரார் ஜெனெத்தின் பிரெஞ்சு நூல் 1987இல் வந்தது. ஹேரியட் ஜேக்கப்ஸ் புனைபெயரில் எழுதி 1861இல் வெளியான தன்வரலாற்றை, அதன் பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டு புனைந்தது என்று நெடுங்காலம் பலர் கருதிவந்தனர். எண்பதுகளில் ஜீன் ஃபேகன் யெலின்தான் கடிதச் சான்றுகளால் அதனை மறுத்து நிறுவினார்.

அவ்வாறாயின் பாயிரம் தருவது என்ன? ஜெனெத்தின் கருவி பெரிதும் வகைப்படுத்துவது. முகப்பில் என்னென்ன இருக்கின்றன, அவை என்ன பணி செய்கின்றன என்று கேட்பது. பாயிர இலக்கணமோ தகுதி பற்றியது. யார் சொல்லக் கடமைப்பட்டவர், யார் சொல்லலாகாது என்று விதிப்பது. அவ்விதி மீறப்படும் இடங்களில்தான் அமெரிக்க நூல்களின் அதிகார உறவு நம் கண்ணுக்குப் புலனாகிறது.

கருவி திரும்பும் இடம்

இக்கருவியால் நாம் டக்ளசை வாசிக்கும்போது டக்ளசும் நம் கருவியை வாசிக்கிறார். ஆசிரியருக்குரிய இயல்புகளை அடுக்கும் நன்னூல் குலத்தை முதலில் வைக்கிறது. கற்பிக்கத் தகாதவர் இவர் என்றும் ஒரு பட்டியல் தருகிறது. ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்துக் கற்ற ஒருவரின் நூலைப் படித்தபின், நம் அவைகளின் வாயிலில் நிறுத்தப்பட்டவர் யார் என்று கேளாமல் அப்பகுதியை நம்மால் கடந்துசெல்ல இயலாது. மரபிலிருந்து விடைகளை எடுத்தலாகாது என்று தொடக்கத்தில் கூறியதன் காரணம் இதுவே. எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்னும் பெருமிதத்தில் முடியும் ஒப்பீடு, ஒப்பீடு ஆகாது.

பாமாவின் 'கருக்கு' (1992) நூலையும் அமெரிக்கத் தன்வரலாறுகளையும் ஒப்பிடுவதற்கான நேரிய வழியும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. துயரங்களைச் சமன்படுத்துவதை விடுத்து, இரு நூல்களும் யாரைக் கேட்போராகக் கொண்டன என்று வினவலாம். வடபுல வெள்ளை வாசகரை நோக்கிய டக்ளஸ், அவர்கள் மதிக்கும் ஆங்கில உரைநடையில் எழுதினார். பாமா தம் மக்களின் பேச்சுமொழியையே எழுத்துமொழியாக்கினார். இலட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 2000ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வந்தபோது நூலுக்கு மொழிபெயர்ப்பாளரின் முன்னுரை சேர்ந்தது. கேட்போர் மாறினர், உரைகாரர் பாயிரம் வந்தது. ஒரே நூலின் இரு பாயிர நிலைகளை ஒப்பிடுவதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய பொருள்.

நிறைவுரை

நடைமுறையில் மூன்று செய்யத்தக்கன. ஒன்று, அமெரிக்க நூலொன்றை ஆயும் தமிழ் மாணவர் அதன் முதற்பதிப்பை முகப்புப் பக்கங்களோடு காண வேண்டும். விட்மன் பதிப்புகளும் அடிமைத் தன்வரலாறுகளும் மின்படிகளாக இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில் அது எளிது. இரண்டு, ஒப்பிலக்கிய ஆய்வேட்டுக்குத் தமிழ், ஆங்கிலம் என இருதுறை நெறியாளர்களும் வேண்டும். மூன்று, தமிழ்க் கலைச்சொல் ஒன்றை அயல்நூலின்மேல் வைக்கும்போது அது எங்கே பொருந்துகிறது என்பதோடு எங்கே முறிகிறது என்பதையும் ஆய்வாளர் எழுத வேண்டும். முறியும் இடத்தைக் காட்டாத ஆய்வேட்டை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பலாம்.

நூலுக்குள் நுழையுமுன் வாயிலில் நின்று வினவக் கற்றுத்தந்த மரபு நம்முடையது. அமெரிக்க நூல்களின் வாயிலிலும் நாம் அவ்வாறே வினவலாம். அவ்வினாக்கள் நம் வாயிலுக்கும் திரும்பி வரும் என்பதை ஏற்றுக்கொள்வதே அதற்கு நாம் தரவேண்டிய விலை.