விலகிச் செல்பவன் கைதியல்ல!



பழத்துக்காகப் பிணங்கிய முருகன், தந்தையின் வீட்டைத் துறந்து பழனிக் குன்றேறி நின்றான் என்கிறது புராணம். கதையை நம்புவதும் நகைப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், குன்றேறிய பிள்ளைக்குச் சிவபெருமான் வக்கீல் நோட்டீசு அனுப்பியதாக எந்தப் புராணிகரும் இதுவரை சொன்னதில்லை!

அந்தப் பழனி மலைத்தொடரிலே, தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பி பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள், கோடைக்கானல் விடுதிகளில் பாத்திரம் துலக்கியவர்களின் பிள்ளைகள், இன்று படித்துப் பட்டம் பெற்று நகரத்து ஆலோசனை நிறுவனங்களில் பணியாற்றுகிறார்கள். நிறுவனம் அவர்களில் ஒருவனை வாடிக்கை நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அவன் உழைப்பைக் கண்டவர்கள், "எங்களிடமே வந்துவிடு" என்கிறார்கள். அவன் விலகல் கடிதம் நீட்டுகிறான். உடனே இடி முழங்குகிறது: "ஓராண்டு அங்கே சேரமாட்டேன் என்று கையெழுத்திட்டாயே! வழக்கு வரும்!" மலையிலிருக்கும் தாய் நடுங்குகிறாள்.

நடுங்கத்தான் வேண்டுமா?

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவன் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது அது. பந்துவீச்சாளர் சாகீர்கான் தொடர்பான வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் நீளும் தடை செல்லாது என்று 2006இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. விலகிய பின் உன் கால் உனக்கே சொந்தம்!

ஆனால், இதைக் கேட்டு இறுமாந்து விடாதீர்கள். பள்ளங்கள் மூன்று உண்டு.

ஒன்று, ஒப்பந்தக் காலம். ஐந்தாண்டு பணிபுரிவதாக ஒப்பி, இடையில் போட்டி ஆலைக்குச் சென்ற ரேயான் ஆலைப் பணியாளர்மீது விதித்த தடையை 1967இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. இரண்டு, பிணைப்பணம். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற பொதுத்துறை வங்கியின் விதி செல்லும் என்று 2025இல் தீர்ப்பாயிற்று. மூன்று, இரகசியம். கற்ற அனுபவம் உன்னுடையது; கணிப்பொறியில் உள்ள கோப்பு அவர்களுடையது. அதைக் கொண்டுசென்றால் வழக்குக்கு நீயே வாசல் திறந்துவிடுகிறாய்.

இவற்றினும் கொடியது, கண்ணுக்குத் தெரியாத நான்காவது பள்ளம். "உன் ஆளை நான் இழுக்கமாட்டேன்" என்று இரு நிறுவனங்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அது! விப்ரோவுக்கும் பெக்மன் கூல்ட்டருக்கும் நடந்த வழக்கில், 2006இல் தில்லி உயர்நீதிமன்றம் அத்தகைய உடன்பாடு நிறுவனங்களைக் கட்டும் என்றது. மீறிய நிறுவனம் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. ஊழியனின் காலை அது கட்டவில்லை. எனினும் நடப்பதென்ன? இழப்பீட்டுக்கு அஞ்சும் வாடிக்கை நிறுவனம், தருவதாகச் சொன்ன வேலையைத் தராமலே விட்டுவிடலாம். தான் படித்தறியாத, கையெழுத்திடாத ஒரு தாளுக்காகத் தொழிலாளி தண்டனை பெறுகிறான். இதற்குப் பெயர் நீதியா?

1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. முன்பணம் பெற்ற கூலி வேலையை விட்டுச் சென்றால், நீதிபதியின் ஆணைக்கும் பணியாவிட்டால், மூன்று மாதம் வரை கடுங்காவல்! சென்னை மாகாணத்து மலைத்தோட்டங்களின் கூலிகளை அது அச்சத்தில் ஆழ்த்தியது. 1925இல் அதை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். சிறைக்கதவு போயிற்று; சிறையின் நிழல் போகவில்லை. அன்று பாட்டனைக் கங்காணி மிரட்டினான். இன்று பேரனைக் காகிதம் மிரட்டுகிறது.

ஆகவே நமது கோரிக்கை இதுதான்: ஊழியனின் எதிர்காலத்தைத் தொடும் எந்த உடன்பாட்டையும் அவனிடம் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் வரவேண்டும். அது வரும்வரை கிளைக்கழகத் தோழர்களே, நோட்டீசோடு வரும் இளைஞனிடம் "கிழித்தெறி" என்று வீரம் பேசாதீர்கள்; "பணிந்து போ" என்றும் சொல்லாதீர்கள். கையெழுத்திட்ட பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்னறிவிப்புக் காலத்தை முழுதும் பணியாற்றச் சொல்லுங்கள். கோப்புகளை ஒப்படைத்து எழுத்தில் ஒப்புதல் பெறச் சொல்லுங்கள். "எங்கள் நிறுவனத்தோடு உங்களுக்குத் தடை உடன்பாடு உண்டா?" என்று புதிய இடத்தில், பழைய வேலையை விடுமுன், கேட்கச் சொல்லுங்கள்.

உழைப்பை விற்றோம், உழைப்பவனை விற்கவில்லை!