படுக்க இடம் சொல்லாத பயிற்சி ஆணை

பயிற்சி இரண்டு நாள். காலை 9.30 மணிக்குப் பதிவு, மாலை 5 மணிக்கு நிறைவு, மடிக்கணினி இருந்தால் கொண்டு வரவும். அரசுத் துறைகள் ஊழியர்களுக்கு அனுப்பும் பயிற்சி ஆணைகளில் இவையெல்லாம் தெளிவாக இருக்கும். முதல் நாள் மாலை 5 மணிக்கும் மறுநாள் காலை 9.30 மணிக்கும் நடுவே ஓர் இரவு வருகிறது. அதைப் பற்றி மட்டும் பல ஆணைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பயிற்சி நடக்கும் நகரிலேயே வீடு உள்ளவருக்கு அந்த இரவு ஒரு பொருட்டல்ல. சிவகிரியில் இருந்து போகிறவருக்கு, ஆணையைக் கையில் வாங்கியதும் எழும் முதல் கேள்வியே அதுதான்.

சிவகிரி, தென்காசி மாவட்டத்தின் வடகோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் வட்டத் தலைநகர். தாலுகா அலுவலகம், அரசு மருத்துவமனை, பள்ளிகள், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் உண்டு. ரயில் நிலையம் கிடையாது. 1927-ல் போடப்பட்ட விருதுநகர்–தென்காசி ரயில் பாதை ராஜபாளையம் வரை வந்து, அங்கிருந்து சங்கரன்கோவில் பக்கம் திரும்பிவிட்டது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி மூன்று ஊர்களும் அன்று முதல் இன்று வரை நெடுஞ்சாலையையும் பஸ்ஸையும் நம்பித்தான் இருக்கின்றன.

மதுரைக்குப் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணியில் கொண்டுபோய் விடும். பயிற்சி ஈரோட்டிலோ கோவையிலோ என்றால் அங்கிருந்து ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு நகரத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டும். பையும் கோப்புமாக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் இந்த ஒரு மணி நேரம் எந்தப் பயண அட்டவணையிலும் ஏறுவதில்லை. காலை 9.30 மணிக்குக் கோவையில் கையெழுத்துப் போட வேண்டுமானால் முந்தைய நாள் இரவே ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இரண்டாம் நாள் மாலை பயிற்சி முடிந்து புறப்பட்டால் வீடு சேர மறுநாள் விடிந்துவிடும். இரண்டு நாள் பயிற்சி என்று ஆணை சொல்வது, சிவகிரிக்காரருக்கு மூன்று இரவுகள்.

சென்னைக்குப் போவது இதைவிட எளிது என்று தோன்றும். செங்கோட்டையில் இருந்து மாலையில் புறப்படும் பொதிகை விரைவு ரயிலை ராஜபாளையத்தில் பிடித்தால் விடியற்காலை எழும்பூர். டிக்கெட் கிடைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. தென்மாவட்ட ரயில்களில் திருவிழா, விடுமுறை, வார இறுதி நாட்களில் படுக்கைகள் எவ்வளவு வேகமாகத் தீரும் என்பது இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிற்சி ஆணையோ மூன்று நாளைக்கு முன், சில வேளைகளில் முந்தைய நாள் மதியம், கைப்பேசியில் வந்து விழுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது தட்கல்; படுக்கை வகுப்புக்குக் காலை 11 மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் மூடும் கதவு. அதுவும் கைகூடாவிட்டால் ஆம்னி பஸ். அதன் கட்டணத்தை அந்த ஊழியர் தகுதிப்படி பெறும் பயணப்படியோடு ஒப்பிட்டால், மிச்சத்தைத் தன் சம்பளத்தில் இருந்தே போட வேண்டியிருக்கும்.

அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி (முன்பு அண்ணா மேலாண்மை நிலையம்) சென்னையில் பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட அந்த முதல்வர், சிவகிரிக்கு அடுத்த ராஜபாளையத்துக்காரர். தெற்கில் இருந்து சென்னைக்குப் போய் வருவது என்ன பாடு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பெயர் கொண்ட சாலைக்குப் பயிற்சிக்கு வரும் தென்மாவட்ட ஊழியர் எங்கே தங்குவார் என்பதை, அழைக்கும் துறை முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டாமா?

அரசுக்கு இது தெரியாத கலை அல்ல. இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்தவர்கள் தகுதிகாண் பருவம் முடிக்க வேண்டுமானால் பவானிசாகர் குடிமைப் பணியாளர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். சத்தியமங்கலத்தைத் தாண்டி, அணையின் ஓரத்தில் இருக்கும் நிலையம் அது. சிவகிரியில் இருந்து போய்ச் சேருவது பெரும்பாடுதான். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் விடுதி உண்டு, உணவுக்கூடம் உண்டு, பக்கத்துக் கட்டிலில் அதே பயிற்சிக்கு வந்த இன்னொரு மாவட்டத்துக்காரர் உண்டு. நீண்ட பயிற்சி என்பதால் தங்குமிடத்தையும் பயிற்சியின் ஒரு பகுதியாக யோசித்தார்கள். அதே யோசனை இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சிகளுக்கு வருவதில்லை. குறுகிய பயிற்சிதானே, எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. ஓர் ஊழியர் தன் பணிக்காலத்தில் நீண்ட பயிற்சிக்குப் போவது ஓரிரு முறைதான். குறுகிய பயிற்சிகளுக்குத்தான் வருடந்தோறும் போகிறார்.

விவசாயிகளை அழைத்துப் போகும்போது இதே அரசு எவ்வளவு அக்கறையோடு நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேளாண்மைத் துறையின் ஆத்மா திட்டத்தில் கண்டுணர் சுற்றுலா என்று ஒன்று இருக்கிறது. ஒரு வட்டாரத்து விவசாயிகளை வேறு மாவட்டத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கோ முன்னோடிப் பண்ணைக்கோ கூட்டிப் போவார்கள். வண்டி, சாப்பாடு, தங்கல் எல்லாம் திட்டச் செலவு. துறை அலுவலரும் கூடவே போவார். எலுமிச்சையும் நெல்லும் கரும்பும் விளையும் வாசுதேவநல்லூர் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. ஒரு விவசாயி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகும்போது அவரது இரவைப் பற்றிக் கவலைப்படும் அரசு, அதே ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆசிரியையையோ கூட்டுறவுச் சங்கச் செயலாளரையோ ஒரு ஆணைத்தாளோடு தனியே பஸ் ஏற்றி அனுப்புவது எந்த நியாயத்தில் சேரும்?

செவிலியர் என்றும் ஆசிரியை என்றும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சுமை பெண்கள் மேல் இரட்டிப்பாக விழுகிறது. இரவு பத்து மணிக்குத் தெரியாத ஊரில் இறங்கி, பஸ் நிலையத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் லாட்ஜ்களில் எது பாதுகாப்பானது என்று ஒரு பெண் எப்படி முடிவு செய்வார்? தனியாக வரும் பெண்ணுக்கு அறை தர மறுக்கும் லாட்ஜ்கள் இன்றும் இருக்கின்றன. மறுக்காத இடத்தில் கதவுக் கொண்டி சரியாக விழுமா என்று பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர், அல்லது விட முடியாமல் தாயையும் குழந்தையையும் கூடவே அழைத்து வந்தவர் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டாம். இதனாலேயே பதவி உயர்வுக்குத் தேவையான பயிற்சியைத் தள்ளிப்போடும் பெண்கள் இருக்கிறார்கள். அலுவலகப் பதிவேட்டில் அது ‘விருப்பமின்மை’ என்று பதிவாகும்போது நமக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மகளிருக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் உண்டு. பக்கத்து ஊருக்கு அது பெரிய உதவி. மதுரைக்கோ கோவைக்கோ போகும் பஸ்ஸில் அது செல்லாது. மாநில அரசின் ‘தோழி’ விடுதிகள் பல நகரங்களில் வந்திருக்கின்றன, நாள் கணக்கில் தங்கவும் அங்கே வழி உண்டு. பெண் ஊழியரை அழைக்கும் ஒவ்வொரு ஆணையிலும், பயிற்சி நடக்கும் நகரில் தோழி விடுதி இருந்தால் அதில் இடத்தைத் துறையே பதிவு செய்து பதிவு எண்ணையும் அச்சிட்டு அனுப்ப வேண்டும். இது பெரிய செலவே அல்ல, ஓர் எழுத்தர் ஒரு மதியத்தில் முடிக்கிற வேலை.

பணத்துக்கு வருவோம். பயணப்படி என்பது போய் வந்த பிறகு பில் போட்டு வாங்குவது. பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி, வருகைச் சான்று வாங்கி, பில் எழுதி, ஒப்புதல் ஆகி, கருவூலம் போய்த் திரும்பி வர மாதங்கள் ஆகும். முன்பணம் வாங்க விதியில் இடம் உண்டு. நாளை புறப்படு என்று இன்று மாலை வரும் ஆணைக்கு யார் முன்பணம் கொடுப்பார்கள்? நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லாத காலம் 2022 ஜூலையோடு முடிந்தது. முதலில் 12 சதவீதம், 2025 செப்டம்பரில் இருந்து 5 சதவீதம் என்று வரி இப்போது குறைந்திருக்கிறது. ஆனாலும் ரசீது கேட்டால் வாடகை ஒன்று, கேட்காவிட்டால் இன்னொன்று என்னும் லாட்ஜில், ரசீது இல்லாமல் பில் போட முடியாத ஊழியர் என்ன செய்வார்? தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களில் பலர் கடன் வாங்கித்தான் பயிற்சிக்குப் போகிறார்கள்.

எல்லாப் பயிற்சியையும் இணையத்தில் நடத்திவிடலாமே என்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதை அப்படி நடத்தட்டும். நாம் அதை முழுமையாக ஆதரிக்கிறோம். புதிய மென்பொருள், திருத்திய விதிமுறை, சுற்றறிக்கை விளக்கம் இவற்றுக்காக ஒருவரைச் சிவகிரியில் இருந்து சென்னைக்கு வரவழைப்பது வீண். ஆனால் பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை மூச்சு விட வைக்கும் முறையைத் திரையில் பார்த்து எந்தச் செவிலியரும் கற்றுக்கொள்ள முடியாது. கை பழக வேண்டும், பக்கத்தில் நின்று திருத்த ஒருவர் வேண்டும். எது கண்ணால் கற்பது, எது கையால் கற்பது என்று துறைகள் பிரித்துக்கொண்டால், பயணம் தேவைப்படும் பயிற்சிகள் பாதியாகக் குறையும். மிஞ்சும் பாதிக்குத் தாராளமாகச் செலவிடலாம்.

ஏன் எப்போதும் தெற்கு வடக்கே போக வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. தென்காசியை 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமாக்கியதே, மக்கள் நெல்லைக்கு அலையும் தூரத்தைக் குறைக்கத்தான். ஆனால் தெற்குக்குள்ளும் தூரம் குறையவில்லை; ஆசிரியர் பயிற்சிக்கு ஒன்றுபட்ட நெல்லை மாவட்டத்தின் கல்வி, பயிற்சி நிறுவனம் இருப்பது நாங்குநேரி வட்டத்து முனைஞ்சிப்பட்டியில். சிவகிரிக்கும் அதற்கும் நடுவே மாவட்டம் முழுதும் கிடக்கிறது.

தென்காசியில் இருந்து கூப்பிடு தூரத்தில் குற்றாலம் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் அங்கே ஒரு அறைக்கு அடிபிடி. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். தைப் பிறப்பில் மகரவிளக்கு முடிந்ததும் ஊர் ஓய்ந்துவிடும். அருவியில் நீர் மெலியும், தனியார் லாட்ஜ்களும் பேரூராட்சி விடுதிகளும் வெறிச்சோடும். சீசன் வருமானத்தை வைத்து ஆண்டு முழுதும் பிழைக்க வேண்டிய விடுதி ஊழியர்களும் ஆட்டோக்காரர்களும் மெஸ் நடத்துபவர்களும் அங்கே இருக்கிறார்கள். தை பிற்பாதியிலும் மாசியிலும் மாநில அளவிலான குறுகிய பயிற்சிகளில் சிலவற்றைக் குற்றாலத்தில் நடத்தினால், அறை, சாப்பாடு, கூடம் எல்லாம் ஒரே ஊரில், சீசன் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும். மார்ச் வேண்டாம், பள்ளிகளில் தேர்வு, கூட்டுறவிலும் கருவூலத்திலும் ஆண்டுக் கணக்கு முடிப்பு. செப்டம்பரில் இன்னொரு சுற்று வைக்கலாம். சென்னையில் இருந்தும் திருவள்ளூரில் இருந்தும் ஊழியர்கள் பொதிகையில் ஏறி வரட்டும். அந்தத் தூரத்தை அவர்களும் ஒருமுறை உடம்பால் அறிந்தால், பயிற்சி ஆணையைத் தயாரிக்கும் மேசையில் நாளை அவர்களில் ஒருவர் உட்காரும்போது அந்த இரவைப் பற்றி ஒரு வரி சேர்ப்பார்.

வரும் பிப்ரவரியிலேயே தொடங்கலாம். ஒரே ஒரு துறை, ஒரே ஒரு மூன்று நாள் பயிற்சி. அதன் ஆணை டிசம்பர் முதல் வாரத்திலேயே, ரயிலில் படுக்கைகள் தீரும் முன்பே, கையில் கிடைக்கட்டும். எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்த விடுதி, பெண்களுக்கு எந்தத் தளம், இரவு தாமதமாக வருபவர் அழைக்க வேண்டிய எண், முன்பணம் எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் ஏறும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முதல் நாள் பதிவு காலை 9.30 மணிக்கு அல்ல, நண்பகல் 12 மணிக்கு என்று இருக்கட்டும்.