வருஷத்துக்கு ஆறு மணி நேரம்தான் ஆட்டம்: இந்தியக் கூடைப்பந்து அணி எங்கே திணறுகிறது?

ஆகஸ்ட் 5, 2025. சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரம். ஆசியக் கோப்பை கூடைப்பந்தில் இந்தியாவின் முதல் ஆட்டம். எதிரணி, 2023 உலகக் கோப்பையில் ஆடிய ஜோர்டான். 40 நிமிடம் முடிந்தபோது ஸ்கோர் சமன். கூடுதலாகக் கிடைத்த 5 நிமிட ஓவர்டைமில் ஆட்டம் கைநழுவிப் போச்சு: 84-91.

இரண்டே நாளில் சீனாவிடம் 69-100. கடைசியாக, போட்டியை நடத்திய சவுதியிடமும் தோல்வி. மூன்றுக்கு மூன்றும் தோற்று அணி ஊர் திரும்பியது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையிலும் இதே கதைதான்.

ஜோர்டானைத் திணறடித்த அணி, சீனாவிடம் 31 புள்ளியில் விழுந்தது ஏன்? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கூட கோர்ட்டில் ஆடும் பசங்களுக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

*2025-ல் நடந்தது என்ன?*

ஆசியக் கோப்பைக்கான வழக்கமான தகுதிச் சுற்றில் இந்தியாவுக்கு நேரடி இடம் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கஜகஸ்தானை வென்றது மட்டுமே பெரிய ஆறுதல். மார்ச் மாதம் பஹ்ரைனில் நடந்த கூடுதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைன், ஈராக் இரண்டையும் வென்று இந்தியா உள்ளே வந்தது. வருஷத்தின் உண்மையான சாதனை இதுதான். அப்புறம் ஜெட்டா. நவம்பரில் 2027 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. அதில் முதலில் ரியாத், பிறகு சென்னை என இரண்டு இடத்திலும் சவுதியிடம் தோல்வி.

பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ளெமிங் புதியவர் இல்லை. 2014-ல் சீனாவின் வூஹான் நகரில், சீனாவையே 65-58 என இந்தியா வென்றபோதும் அவர்தான் பொறுப்பில் இருந்தார். இப்போதைய அணியில் முயின் பெக் ஹஃபீஸ், அரவிந்த் முத்துகிருஷ்ணன் எனத் தமிழ்நாட்டு வீரர்களும் உண்டு. ஆக, ஆள் இல்லை, திறமை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

*அப்போ ஓட்டை எங்கே?*

ஒரு சின்ன கணக்கு. பிப்ரவரியில் 2, மார்ச்சில் 2, ஆகஸ்ட்டில் 3, நவம்பரில் 2 என ஆசியக் கோப்பை, உலகக் கோப்பை வரிசையில் மொத்தம் 9 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 40 நிமிடம். கூட்டினால் வருஷம் முழுக்க ஆறு மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான்.

மற்ற நாட்டு அணிகளுக்கும் தேசிய ஆட்டங்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் அந்த வீரர்கள் மீதி மாதங்களில் தொழில்முறை லீக்கில் ஆடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் 1975-லேயே தொழில்முறை லீக் வந்துவிட்டது. சீனாவில் 1995. ஜப்பான் 2016-ல்தான் பி.லீக்கைத் தொடங்கியது. அங்கே ஒரு அணி சீசனுக்கு 60 ஆட்டம் ஆடுகிறது.

இங்கே? 2015-ல் வந்த யூபிஏ லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. 2025 தொடக்கத்தில் சென்னை ஹீட் உட்பட ஆறு அணிகளோடு ஐஎன்பிஎல் ப்ரோ வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது 25 வயதுக்கு உட்பட்டோருக்கான, சில வாரங்களில் முடிந்துவிடும் லீக்.

கடைசி இரண்டு நிமிடத்தில் யாரிடம் பந்து போகணும், நாலு ஃபவுல் வாங்கிய ஆளை வெளியே உட்கார வைக்கலாமா, 24 விநாடியில் மூன்று விநாடி மிச்சம் இருக்கும்போது என்ன செய்வது? இதெல்லாம் பயிற்சி முகாமில் ஓரளவுதான் வரும். நெருக்கமான ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஆடினால்தான் பழகும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொரு அணியிலும் குடியுரிமை பெற்ற வெளிநாட்டு வீரர் ஒருவரை ஆடவைக்க சர்வதேச விதி அனுமதிக்கிறது. ஆசியாவில் பல அணிகள் இதைப் பயன்படுத்துகின்றன. இரட்டைக் குடியுரிமை இல்லாத இந்தியாவுக்கு இது சுலபம் இல்லை. ஆனால், ஒரு ஆள் வந்தால் 31 புள்ளி இடைவெளி அடைந்துவிடும் என்று நம்பவும் முடியாது.

*ராஜபாளையத்துப் பையனுக்கு என்ன வழி?*

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். சின்ன ஊர்களில் கூடைப்பந்து என்றாலே பெரும்பாலும் திறந்தவெளி சிமென்ட் தரைதான். பகலில் வெயில் கொளுத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் நிற்கும். சர்வதேச ஆட்டம் நடப்பதோ மரத்தளத்தில், உள்ளரங்கில். நம்ம ஊர்ப் பசங்க அந்தத் தரையில் ஒரு முழு ஆட்டம் ஆட வேண்டுமென்றால், பல சமயம் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி பயணம் செய்து சென்னை போக வேண்டியிருக்கிறது.

போட்டிகளே இல்லை என்று சொல்ல முடியாது. முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவிலேயே கூடைப்பந்து உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் பெரியகுளத்தில் கோடைதோறும் மின்னொளியில் அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் வந்து ஆடுகின்றன.

அந்த அணிகளைப் பார்த்தாலே பாதை புரிந்துவிடும். பள்ளி, மாவட்டம், மாநிலம், அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. தமிழக அரசு வேலைகளிலும் 3% ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு நெசவாளர் வீட்டுக்கோ மில் தொழிலாளி வீட்டுக்கோ அந்த வேலை பெரிய பிடிமானம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடி 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய சென்னையின் அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே வேலையில் இருந்துகொண்டேதான் ஆடினார்.

சிக்கல் என்னவென்றால், பலருக்கு வேலை கிடைத்ததும் இலக்கு முடிந்துவிடுகிறது. 22 வயதில் வேலை, அதன் பிறகு வருஷத்துக்குச் சில போட்டிகள். ஜப்பானிலோ சீனாவிலோ அதே 22 வயதில்தான் ஒருவர் முழுநேர ஆட்டக்காரராக மாறுகிறார்.

*என்ன செய்யணும்?*

முதலில், குறைந்தது ஐந்து மாதம் ஓடும், வயது வரம்பு இல்லாத லீக். ரயில்வேயும் வங்கிகளும் ராணுவமும் தங்கள் வீரர்களை அந்த மாதங்களுக்குச் சம்பளத்தோடு விடுவிக்க வேண்டும். வேலையும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்னக் கூடாது.

இரண்டாவது, மாவட்டத்துக்கு ஒரு மரத்தள உள்ளரங்கு, பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல். விருதுநகர் மாவட்டத்தில் அப்படி ஒன்று முழுநேரமும் திறந்திருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் டவுன் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு தகுதிச் சுற்றுக்கும் முன்னால் வலுவான அணிகளோடு நட்பு ஆட்டங்கள். ஒன்பது என்ற எண்ணை இருபதாக்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

2027 உலகக் கோப்பை கத்தாரில். இந்தியாவின் பிரிவில் நாலு அணிகள். முதல் மூன்று அடுத்த சுற்றுக்குப் போகும். 2026-ல் கத்தார், லெபனானோடு தலா இரண்டு ஆட்டங்கள் பாக்கி. அதாவது, கடைசி இடத்தைத் தவிர்த்தாலே போதும். ஆண்கள் உலகக் கோப்பையில் இதுவரை ஒருமுறைகூட ஆடாத ஒரு நாட்டுக்கு இது சின்ன வாய்ப்பு இல்லை. அந்த நாலு ஆட்டத்திலும் தோற்றால் வீரர்களைத் திட்டிப் பல பதிவுகள் வரும். திட்டுவதற்கு முன், அவர்களுக்கு அந்த வருஷம் எத்தனை ஆட்டம் கொடுத்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நியாயம்.