விடுமுறைக்கு ஊருக்கு வராத பிள்ளை

கேள்வி: "என் மகன் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். சனி, ஞாயிறு ஊருக்கு வருவதில்லை. கேட்டால், 'இங்கே பார்க்கவும் கத்துக்கவும் நிறைய இருக்குப்பா' என்கிறான். போன வாரம் ஏதோ பயிற்சியில் சேர 15,000 ரூபாய் கேட்டான். முடித்தால் வேலை நிச்சயமாம். நிலக்கடலை விற்ற பணம் கையில் இருக்கிறது. கொடுக்கலாமா? இப்படி ஊர் சுற்ற விடலாமா?"
- ஒரு வாசகர், அரூர்.

பணத்தைப் பற்றிய பதில் கடைசியில் வருகிறது. ஊர் சுற்றும் விஷயத்துக்கு, பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கமிருந்து கோவைக்குப் படிக்கப் போன ஒரு மாணவியின் முதல் வருடத்தைக் கேட்டால் கொஞ்சம் தெளிவு பிறக்கும்.

அப்பாவுக்கு இரண்டு ஏக்கர். ஒன்றில் சின்ன வெங்காயம், மற்றதில் மக்காச்சோளம். அரசுப் பள்ளியில் படித்த மகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கைச்செலவுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. பணத்தால் படிப்பு நிற்கவில்லை. பாடத்தால் நிற்கப் பார்த்தது.

முதல் மாதம் உழவியல் வகுப்பில், 'இன்டர்கல்ச்சுரல் ஆபரேஷன்' என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்டார். எழுந்து நின்றவளுக்கு வாயே வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் பிறகு சொன்னாள்: விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் செய்கிற களையெடுப்பு, மண் அணைப்பு எல்லாம்தான் அது. பத்து வயதிலிருந்து களைக்கொத்து பிடித்த பெண் அவள். அன்று ராத்திரி வீட்டுக்கு போன் போட்டு, "நான் திரும்பி வந்துடறேம்ப்பா" என்றாள். "பொங்கல் வரைக்கும் இரு பாப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அப்பா சொன்னார். அதட்டியிருந்தால் மறுநாளே பஸ் ஏறியிருப்பாள்.

வகுப்பு முடிந்து அறையில் உட்கார்ந்தால் அழுகை வருகிறது என்றுதான் வளாகத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாக முளைத்து, பிறகு கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான இடம் அது. உள்ளே நெல் வயல் இருக்கிறது, பழத்தோட்டம் இருக்கிறது, பக்கத்திலேயே தாவரவியல் பூங்காவும் இருக்கிறது. நெல் வயலில் களையெடுக்க வரும் பெண்களோடு பேச்சுக் கொடுத்தாள். அவர்கள் வாயில் வந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் வகுப்பில் கேட்ட சொல், வலப்பக்கம் ஊர்ச் சொல் என்று எழுதத் தொடங்கினாள். மல்ச்சிங், மூடாக்கு. டில்லர், தூர். ராட்டூன், மறுதாம்பு. நோட்டு நிரம்ப நிரம்பப் பாடம் பிடிபட்டது. இருந்தும் முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தேறவில்லை. அதை மறுபடி எழுதித்தான் முடித்தாள்.

வளாகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. கோவைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்து வரலாம். அதைப் பார்த்த பிறகு பூச்சியியல் துறையில் ஓர் ஆராய்ச்சி மாணவரிடம், "எங்க மக்காச்சோளத்தைத் தின்ன படைப்புழுவோட தாய்ப்பூச்சி எது?" என்று கேட்டாள். அவர் காட்டியது சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரண அந்துப்பூச்சி. வீட்டு விளக்கைச் சுற்றி அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். குருத்துக்குள் இருக்கும் புழுவுக்கும் அதற்கும் உறவு உண்டென்று தெரியாது. அந்தப் புழு இந்தியாவுக்குள் வந்ததே 2018-ல்தான். புழு கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள் என்பதால் கோடையில் ஆழ உழுதால் அது வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும் என்றும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடலாம் என்றும் அவர் சொன்னார். அதை அவள் போனில் அப்படியே ஒப்பித்தாள். அதுவரை தினமும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிற அப்பா, அன்று அரைமணி நேரம் பேசினார். நம் வீடுகளில் பிள்ளையிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை என்பது உண்மைதானே.

வளாகத்துக்கு வெளியே போனது அதற்குப் பிறகுதான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதிக் கதவு அடைப்பதற்குள் திரும்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. தோழியோடு சேர்ந்தேதான் போனாள். எங்கே போகிறோம் என்று விடுதியிலும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனாள். ஆர்.எஸ்.புரத்தில் மாவட்ட மைய நூலகம். அங்கே தமிழ் வேளாண் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்தைத் திறந்தால் பாதி பாரம் குறைந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தள்ளி, 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம். நாம் நடுகிற பல கரும்பு ரகங்களின் பெயரில் முன்னால் நிற்கும் 'கோ' என்பது கோயம்புத்தூரைத்தான் குறிக்கிறது. நாணல் இனக் காட்டுக்கரும்போடு கரும்பை ஒட்டுச் சேர்த்து கோ 205 ரகத்தை உருவாக்கியதில் டி.எஸ்.வெங்கட்ராமனுக்குப் பங்கு உண்டு. அதே நிறுவனத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் என்ற பெண் விஞ்ஞானி வேலை செய்திருக்கிறார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

எல்லாவற்றையும் விட அவளை நிறுத்தியது ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை. காலையில் பலகையில் அன்றைய விலை எழுதியிருந்தது. சின்ன வெங்காயத்தின் விலையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே அப்பாவுக்கு போன் செய்தாள். முந்தின நாள் ஊரில் வியாபாரி கேட்ட விலைக்கும் பலகை விலைக்கும் இருந்த தூரம் பெரிது. அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் சாலை எம்.ஜி.ஆர். மொத்த மார்க்கெட்டுக்கும் போய், கமிஷன், ஏற்று கூலி, இறக்கு கூலி, லாரி வாடகை, சாக்கு, கழிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். எழுதி முடித்தபோது வியாபாரி மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது, முழுதும் போகவில்லை. உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். சிட்டா, அடங்கல், போட்டோ கொடுத்து அடையாள அட்டை வாங்கினால் போதும். அப்பா பெரம்பலூரில் அட்டைக்கு எழுதிக் கொடுத்தார். மொத்த மகசூலையும் அங்கே விற்றுவிட முடியாதுதான். ஆனால் வாரம் இரண்டு மூட்டைக்கு வேறு வழி திறந்தது.

அரூர் வாசகரின் மகன் படிப்பது வணிகவியல். கொள்முதல், கமிஷன், லாபம், நட்டம் என்று அவன் புத்தகத்தில் படிப்பதெல்லாம் அந்த மொத்த மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே நடக்கிறது. அவன் எங்கே சுற்றுகிறான் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சுற்றுகிறான் என்பதற்காகவே தடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த 15,000 ரூபாய். கொடுக்க வேண்டாம். பட்டம் வாங்க இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிற பையனுக்கு இன்று யார் எந்த வேலையை நிச்சயம் செய்ய முடியும்? உண்மையான வேலை கொடுக்கிறவர் சம்பளம் கொடுப்பார், முன்பணம் வாங்கமாட்டார். கணினி, ஆங்கிலம், கணக்குப் பதிவு போன்றவற்றைக் கற்க வேண்டுமென்றால் 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கட்டணமில்லாப் பயிற்சிகள் கல்லூரி மூலமே கிடைக்கின்றன. வகுப்பு ஆசிரியரிடமோ, வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியரிடமோ கேட்கச் சொல்லுங்கள். மகனே அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் விசாரியுங்கள். 2024-ல் அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே கோவையில்தான்.

இன்னொன்றும் மகனிடம் சொல்லி வையுங்கள். செல்போனில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம், வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று வருபவை முதலில் நூறு, இருநூறு கொடுத்துவிட்டுப் பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லும். அதைவிட மோசம், "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்பது. அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் புழங்கினால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

நிலக்கடலைப் பணத்தில் ஒரு பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் போய் மாறினால் கோவை. மகன் போகிற இடங்களை அவனையே காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தையில் ஆரம்பிப்பதானால் சனிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட வேண்டும்.