ஆறு தேடிப் போகும் அண்ணாமலையார்

மதுரைக்கு வைகை இருக்கிறது. திருச்சிக்குக் காவேரி இருக்கிறது. திருநெல்வேலிக்குத் தாமிரபரணி. பெரிய ஊர் என்றால் பக்கத்தில் ஓர் ஆறு ஓட வேண்டும் என்பது உலக வழக்கம். கடல் கடந்து கனடாவுக்குப் போனால் காம்லூப்ஸ் என்று ஒரு நடுத்தர நகரம். தாம்ஸன் நதியின் இரண்டு கிளைகள் அங்கே வந்து கூடுகின்றன. அங்குள்ள பூர்வகுடிகளின் பாஷையில் அந்த ஊர்ப் பெயருக்கே "நீர் கூடுமிடம்" என்றுதான் பொருள். நம் வீட்டுப் பாட்டிமார்களும் ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இந்த வாரம் நாம் போகப் போகும் ஊருக்கு ஆறு கிடையாது. ஆனால் அழகுக்கும் குறைவில்லை, ஜனத்துக்கும் குறைவில்லை. திருவண்ணாமலைதான் அந்த ஊர்.

"இது தெரியாத ஊரா? பௌர்ணமி தவறாமல் போய் வருகிறோமே!" என்பீர்கள். வாஸ்தவம். கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். மலையைச் சுற்றியிருப்பீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் பிடிக்கப் படாத பாடு பட்டிருப்பீர்கள். ஆனால் ஓர் ஊருக்கு விருந்தாளியாகப் போவது வேறு. அந்த ஊரைத் தெரிந்து கொள்வது வேறு. ஒரு வீட்டைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால் கூடத்தைப் பார்த்தால் போதாது, தண்ணீர்ப் பானையைப் பார்க்க வேண்டும் என்பது நம் பெண்களுக்குத் தெரியாததா? வாருங்கள், இந்த ஊரின் தண்ணீர்ப் பானையைப் பார்த்து வருவோம்.

முதலில் ஊர் சமாசாரம். திருவண்ணாமலை நகராட்சி ஆனது 1886-ல். நெடுங்காலம் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1989 செப்டம்பர் 30-ந் தேதி தனி மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. 2024-ல் மாநகராட்சி என்ற அந்தஸ்தும் கிடைத்தது. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பின்படி ஊரில் இருந்தவர்கள் 1,45,278 பேர். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வந்து போகிறவர்களோ லட்சக் கணக்கில்! ஒன்றரை லட்சம் பேர் குடித்தனம் செய்கிற ஊரில், ஊரைப் போலப் பல மடங்கு விருந்தாளிகள் ஒரே ராத்திரியில் வந்து இறங்கினால் வீட்டுக்காரி என்ன செய்வாள்? முதலில் குடத்தைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

ஊரின் நடுநாயகம் மலை. 2,669 அடி உயரம். அதன் அடிவாரத்தில் கோயில். ராஜகோபுரம் பதினோரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்து வைத்தார். கோயிலுக்குள் போனதும் நம் கண்ணில் படும் ஆயிரங்கால் மண்டபத்தையும் சிவகங்கைக் குளத்தையும் அமைத்தவர் அதே கிருஷ்ணதேவராயர்தான். கவனித்தீர்களா? மண்டபம் கட்டிய மகாராஜா கூடவே ஒரு குளமும் வெட்டினார். உள்ளே பிரம்ம தீர்த்தம் என்று இன்னொரு குளமும் இருக்கிறது. தெற்குக் கோபுரத்துக்குத் திருமஞ்சன கோபுரம் என்றே பெயர். திருமஞ்சனம் என்றால் அபிஷேகத் தீர்த்தம் அல்லவா? தண்ணீர் வருகிற வாசலுக்கு ஒரு கோபுரம் எடுத்த ஊர் இது!

ஊரில் ஆறு இல்லை என்று ஸ்வாமி சும்மா இருந்து விடுவதில்லை. தாமே ஆறு தேடிப் புறப்பட்டு விடுகிறார். தை மாதம் 5-ந் தேதி அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டைக்குப் போகிறார். அங்கே தென்பெண்ணையில் தீர்த்தவாரி. ரதசப்தமி வந்தால் வடக்கே கலசபாக்கம். அங்கே செய்யாற்றில் தீர்த்தவாரி. மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு. அங்கே கௌதம நதியில் தீர்த்தவாரி. ஆகத் தையும் மாசியுமாக மூன்று ஆறுகள்! ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் ஸ்வாமியை வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல எதிர்கொண்டு அழைத்துக் கொண்டாடுகிறார்கள்.

மாசி மகப் பிரயாணத்துக்கு ஒரு கதை உண்டு. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. "எனக்கு யார் கொள்ளி வைப்பார்கள்?" என்று அவர் கலங்கிய போது, "நானே உனக்குப் பிள்ளை" என்று அண்ணாமலையார் வாக்குக் கொடுத்தாராம். தைப்பூசத்தன்று ஈசான்ய தீர்த்தத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது, மகாராஜா யுத்தத்தில் மாண்டு போன செய்தியை ஸ்வாமிக்குத் தெரிவிக்கிறார்கள். போகும்போது மேளதாளத்தோடு போன ஸ்வாமி, வரும்போது மேளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். பிறகு மாசி மகத்தன்று, பெற்ற பிள்ளையைப் போல ஆற்றங்கரையில் அவருக்குத் திதி கொடுக்கிறார். இன்றைக்கும் வருஷந்தோறும் இது நடக்கிறது. சடங்கு என்று பார்த்தாலும் சரி, கதை என்று பார்த்தாலும் சரி, நெஞ்சு நெகிழாமல் இருக்குமா?

ஸ்வாமி வருஷத்தில் சில நாள் ஆற்றுக்குப் போய் வந்து விடலாம். ஜனங்கள் தினமும் போக முடியுமா? அதற்குப் பெரியவர்கள் ஒரு வழி கண்டார்கள். அந்த வழியைப் புரிந்து கொள்ள மலையைப் பார்க்க வேண்டும்.

இது பாறை பூமி. வெட்டிய இடத்தில் எல்லாம் ஊற்றுக் கண் திறந்து கொள்ளாது. பாறை வெடிப்புகளில் தேங்குகிற மழைத் தண்ணீர்தான் கிணற்றுக்கு வர வேண்டும். ஆனால் மலை ஒன்று செய்கிறது. பெய்கிற மழையை நாலு பக்கமும் வழித்து விடுகிறது. வழிகிற தண்ணீரை அடிவாரத்திலேயே பிடித்து வைத்தால் போதும். அப்படிப் பிடித்து வைத்தவைதான் மலையைச் சுற்றி இருக்கிற குளங்களும் ஏரிகளும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் எண்ணிக்கொண்டே நாம் நடக்கிறோம். அக்கினி தீர்த்தம், எம தீர்த்தம் என்று வழியில் இருக்கும் குளங்களை எண்ணுவதில்லை. ஊருக்குள் ஐயங்குளம், தீபத்துக்குப் பிறகு மூன்று நாள் தெப்ப உத்ஸவம் அங்கேதான். அடிவாரத்தில் சமுத்திரம் ஏரி. ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர் வைத்தவர்களுக்கு எவ்வளவு ஆசை, பாருங்கள்!

குளம் நிறைந்தால் பக்கத்துத் தெருக் கிணறுகளில் தண்ணீர் ஏறும். கிணற்றில் ஏறினால் வீட்டில் சண்டை குறையும். ஆகவே தீர்த்தம் என்று பெரியவர்கள் சொன்னதில் புண்ணியமும் இருந்தது. சமையலும் துவையலும் இருந்தன.

மலை மேலேயும் சுனைகள் உண்டு. 1896 செப்டம்பர் 1-ந் தேதி பதினாறு வயதுப் பிள்ளையாக இந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்கிய ரமண மகரிஷி, பிற்பாடு மலைச் சரிவில் ஸ்கந்தாசிரமத்தில் வசித்தார். அங்கும் ஒரு சுனை இருக்கிறது. மகனைத் தேடி வந்த அன்னை அழகம்மாள் தம் கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார், 1922-ல் காலமானார். அந்தத் தாய் சமைத்தது அந்தச் சுனை நீரில்தான் என்று நினைத்துக் கொண்டு போய்ப் பாருங்கள். ஆசிரமம் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகிவிடும்.

ஊர் பெருத்தது. குளமும் கிணறும் போதவில்லை. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளித் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை எழுந்தது. காமராஜ் முதலமைச்சராக இருந்த காலம். 1958-ல் கட்டி முடித்தார்கள். 119 அடி வரை தண்ணீர் தேக்கலாம். கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வயலுக்கும் பாய்கிறது, குழாய் வழியாகத் திருவண்ணாமலைக்குக் குடிதண்ணீராகவும் வருகிறது. ஸ்வாமி தேடிப் போகிற அதே தென்பெண்ணை, ஜனங்களைத் தேடிக் குழாயில் வருகிறது! விடுமுறை நாளில் அணைக்குப் போய் முதலைப் பண்ணையைப் பார்த்து வருகிறவர்கள், தாங்கள் அன்று காலையில் குடித்த காப்பி இங்கிருந்துதான் புறப்பட்டது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

குழாய் வந்ததும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டிலே குழாய் திறந்தால் தண்ணீர் கொட்டும்போது, தெருக்கோடிக் குளத்தை யார் நினைப்பார்கள்? குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் தூர்ந்து போகிறது. எச்சில் தட்டும் பிளாஸ்டிக் பையும் குளத்தில் மிதக்கின்றன. ஊரிலே இடம் கிடைக்காத ஏழை எளியவர்கள் மலைச் சரிவிலே வீடு கட்டிக் கொள்கிறார்கள்.

மலையையும் மழையையும் மறந்து ஊர் வாழ முடியாது என்பது 2024-ல் தெரிந்தது. அந்த வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் கொண்டு வந்த பெருமழையில், வ.உ.சி. நகரில் மலைச் சரிவு இடிந்து பாறையும் மண்ணும் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. டிசம்பர் 13-ந் தேதி வழக்கம் போல மலையுச்சியில் தீபம் ஏறிற்று. ஆனால் அந்த வருஷம் பக்தர்களை மலையேற விடவில்லை. கீழே நின்று தீபத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்களில் எத்தனையோ தாய்மாருக்கு அந்தக் குழந்தைகளின் ஞாபகம் வந்திருக்கும்.

இதற்கு என்ன செய்யலாம்? சர்க்கார் செய்ய வேண்டியது நிறைய உண்டு. சரிவிலே இருப்பவர்களுக்குப் பத்திரமான இடம் கொடுப்பது சர்க்கார் காரியம்தான். மொட்டையாகக் கிடந்த மலையில் மரம் நட்டு, கோடையில் காய்ந்த புல்லில் தீப் பரவாமல் காப்பதைப் பல வருஷங்களாகச் சிலர் விரதம் போலச் செய்து வருகிறார்கள். மரத்தின் வேர் மண்ணைப் பிடிக்கும். மண் தண்ணீரைப் பிடிக்கும். இலை நிழலில் விழுகிற மழை ஓடி ஒளியாமல் நின்று நிதானமாகக் குளத்துக்கு வரும்.

நம்மால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அடுத்த முறை போகும்போது வடக்குக் கோபுரத்தை நின்று பாருங்கள். 171 அடி. அதன் பெயர் அம்மணி அம்மன் கோபுரம். எந்த ராஜாவும் கட்டியதல்ல. செங்கத்துக்குப் பக்கத்தில் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்ற ஒரு துறவிப் பெண்மணி வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய காசில் எழுந்தது அது. கூலி கொடுக்கப் பணம் இல்லாத நாளில் அவள் கொடுத்த விபூதியே காசாக மாறியது என்று ஊரில் சொல்வார்கள். அந்த விபூதி இருக்கட்டும். வீடு வீடாகக் கிடைத்த காசு நிஜம். கொடுத்தவர்களில் எத்தனை பேர் அடுக்களையில் அரிசிப் பானைக்கடியில் முடிந்து வைத்ததை எடுத்துக் கொடுத்த பெண்களோ!

அப்படிச் சேர்ந்த சில்லறையில் ஒரு கோபுரம் எழுந்த ஊரிலே, ஒரு குளத்தைச் சுத்தமாக வைத்துக் கொள்வது பெரிய காரியமா? கிரிவலம் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு போங்கள். வழியில் அன்னதானம் வாங்கிச் சாப்பிட்டால் தட்டைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். குளத்தங்கரையில் கற்பூர டப்பாவையும் பழத்தோலையும் விட்டு வராதீர்கள். கூட வரும் குழந்தைகளை லிங்கங்களோடு குளங்களையும் எண்ணச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது பௌர்ணமியைத் தவிர்த்து, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் காலையில் போய் ஊரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மலை பச்சையாக இருக்கும் சமயம் மிகவும் நன்றாயிருக்கும்.

தை 5-ந் தேதி மணலூர்ப்பேட்டைக்குப் போக முடிந்தால் இன்னும் விசேஷம். ஆற்று மணலில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரித்துக் கொண்டு, ஆறில்லாத ஊரின் ஸ்வாமி ஆற்றிலே நீராடுவதைப் பார்க்கலாம். அவர் வருகிற வரைக்கும் அந்த ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும், நேயர்களே.