பக்கத்து மேஜையிலிருந்து ஒரு பரிந்துரை

இந்திய அலுவலகங்களில் ஓர் ஊழியரைப் பற்றி மனம் திறந்து நல்ல வார்த்தை சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே நாளில்தான்: அவர் ஓய்வு பெறும் நாளில். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், சமோசா, காபி. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "இவர் இல்லாவிட்டால் இந்த செக்‌ஷனே நடந்திருக்காது" என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். இந்த வாக்கியம் பத்து வருடம் முன்பே காகிதத்தில் ஏறி மேலே போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

போக வழி இல்லாமல் இல்லை. வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை, மென்பொருள் நிறுவனம் என்று பல இடங்களில் இன்று 'சிறந்த ஊழியர்' விருது இருக்கிறது. சில இடங்களில் அதிகாரி மட்டுமல்ல, சக ஊழியரும் பெயரைப் பரிந்துரைக்கலாம். அறிவிப்பு வருகிறது. கடைசித் தேதி நெருங்குகிறது. படிவங்கள் வெள்ளையாகவே கிடக்கின்றன. காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஒருவர் பெயரை எழுதினால் மற்ற நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 'என்ன, காக்கா பிடிக்கிறாயா?' என்று கேண்டீனில் கேட்பார்கள். பதவி உயர்வில் போட்டியாக நிற்பவரை நாமே ஏன் தூக்கிவிட வேண்டும் என்ற கணக்கும் உண்டு. 'பெயர் ஏற்கனவே முடிவாகியிருக்கும்' என்ற சந்தேகம் எல்லாவற்றுக்கும் மேல்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் ஊழியரைப் பற்றி எழுதும் உரிமை வெகுகாலம் மேலதிகாரிக்கே சொந்தமாக இருந்தது. அதையும் அவர் ரகசியமாக எழுதினார். பாதகமான குறிப்பு மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கப்படும். எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற பொறியாளரின் அறிக்கையில் 1993-94ஆம் ஆண்டுக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். மற்ற ஆண்டுகளில் 'மிக நன்று'. பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டும் 'மிக நன்று' வேண்டும். 'நன்று' பாதகமான குறிப்பு அல்ல என்பதால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. பதவி உயர்வு போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட உத்தரவிட்டது.

மொட்டையான ஒரு நல்ல வார்த்தையும் ஆளைக் கவிழ்க்கும் என்பது அந்த வழக்கு காட்டிய உண்மை. விருதுப் பரிந்துரைக்கும் இது பொருந்தும். 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பழக இனியவர்' என்று எழுதிக் கொடுத்தால் தேர்வுக் குழு அதைப் படித்த மறுநிமிடம் மறந்துவிடும். மற்ற படிவங்களிலும் அதேதான் இருக்கும். குழுவின் கண்ணை நிறுத்துவது ஒரு தேதியும் ஒரு சம்பவமும் அதன் விளைவும்தான். கணவரை இழந்த ஒரு பெண்ணின் குடும்ப ஓய்வூதியக் கோப்பில் பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் விதிப்படி சரி. அப்படிச் செய்யாமல், பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து அந்த வாரமே தேதியைச் சரிசெய்த குமாஸ்தாவைப் பற்றி எழுத பக்கத்து மேஜைக்காரரால்தான் முடியும். கையெழுத்திட்ட அதிகாரிக்கு அது இன்னொரு கோப்பு, அவ்வளவுதான்.

நடக்காமல் போன விபத்தை எழுதுவது இன்னும் கடினம். பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய 1853 ஏப்ரல் 16ஆம் தேதியின் நினைவாக ரயில்வே வாரம் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி ஊழியர்களுக்குத் தேசிய விருதுகள் உண்டு. 2023இல் 100 பேர் பெற்றார்கள். ரயில்வேயில் வேலை செய்பவர்களோ சுமார் 12 லட்சம் பேர். குளிர்கால இரவில் தண்டவாளம் சுருங்கி விரிசல் விடும். ரோந்து போகும் தொழிலாளி அதைக் கண்டு, சிவப்பு விளக்கைக் காட்டி ரயிலை நிறுத்தினால் பாராட்டும் பரிசும் கிடைக்கும். கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் தினமும் சுத்தியலோடு நடந்து, தளர்ந்த இணைப்புகளை இறுக்கி, தன் பகுதியில் ஆபத்தே வராமல் பார்த்துக்கொண்டவரிடம் காட்டுவதற்குச் சம்பவம் எதுவும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே சாட்சி கூட நடந்தவர்.

கதவை யார் திறக்கலாம் என்பதில் விருதுக்கு விருது வித்தியாசம் இருக்கிறது. 1958இல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கிறார். சிபாரிசு தேடி அலைய வேண்டாம் என்பது நல்லது. ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்படுபவர் விடுபட்டுப்போகிறார். பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் யாரையும் பரிந்துரைக்கலாம். ஆனால் டாக்டர்கள், விஞ்ஞானிகள் தவிர, பணியில் உள்ள மற்ற அரசு ஊழியர்களுக்கு அது கிடையாது. தபால் துறை 1984இல் ஏற்படுத்திய மேக்தூத் விருதில், முறையான ஊழியர் வரிசைக்கு வெளியே நிற்கும் கிராமப்புறத் தபால் சேவகர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. காளிதாசனின் மேகத்தின் பெயரைச் சூட்டியவர்கள், வெயிலில் நடப்பவரையும் நினைத்திருக்கிறார்கள்.

அந்த நினைப்பு எல்லோருக்கும் வருவதில்லை. பல நிறுவனங்களின் படிவத்தில் முதல் கேள்வியே 'ஊழியர் எண்'. கழிப்பறை கழுவுபவர், இரவுக் காவலாளி, கேண்டீன் பையன் எல்லோரும் கான்ட்ராக்டரின் ஆட்கள். பதினைந்து வருடம் அதே கட்டடத்தில் இருந்தாலும் அவர்களுக்கு எண் இல்லை. எண் இல்லாதவருக்குப் படிவமும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் பெயரை எழுதினால் தள்ளுபடி ஆகும். ஆகட்டும். ஏன் தள்ளினோம் என்று ஓர் அதிகாரி பதில் எழுத வேண்டியிருந்தால் அதுவே ஒரு தொடக்கம்.

குன்னூர் தபால்காரர் டி. சிவன், யானையும் கரடியும் நடமாடும் நீலகிரிக் காட்டில் தினமும் 15 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்தவர். 2020இல் அவர் ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ட்விட்டரில் இரண்டு வரி எழுதினார். நாடே பாராட்டியது. அந்த இரண்டு வரிக்குத் தேவையான செய்தி அவர் நடந்த வருடங்கள் முழுவதும் அந்தக் காட்டுப் பாதையிலேயே இருந்தது.

பரிந்துரைத்தவருக்கெல்லாம் விருது கிடைத்துவிடாது. கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு சான்றிதழும், லிஃப்ட் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு மாட்டிவைக்கும் புகைப்படமும்தான். ஆனாலும் எழுதிய காகிதத்தின் நகலை அவரிடமே கொடுத்துவிடுவது நல்லது. தன் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அந்த வேலை இன்னும் கையில் இருக்கும்போதே தெரியட்டும். கடிகாரத்தைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.