தற்காலிகச் சட்டமும் நிரந்தர அச்சமும்

தற்காலிகம் என்ற சொல்லைத் தனது பெயரிலேயே தாங்கிக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்துவந்த சட்டம் ஒன்று இந்நாட்டில் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமே அது. ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே எனக் கூறி அதனை 1979 ஜூலையில் பாராளுமன்றத்தில் நிறைவேற்றியது. அந்த மூன்று ஆண்டுகள் முடிவதற்கு முன்னரே, 1982 இல், காலவரையறை நீக்கப்பட்டது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் மாத்திரம் தலைப்பில் அப்படியே விடப்பட்டன. இந்நாட்டில் சட்டத்தின் ஆட்சி எவ்வாறு தேய்ந்துபோனது என்பதை ஆராய முற்படுவோருக்கு இந்தத் தலைப்பைவிடப் பொருத்தமான தொடக்கப்புள்ளி கிடைக்கப்போவதில்லை.

சட்டத்தின் ஆட்சி பற்றி இங்கு பேசாத அரசியல்வாதி எவருமில்லை. ஆட்களைக் கைது செய்யும் அரசாங்கமும் சட்டப்படியே கைது செய்ததாகக் கூறுகின்றது. உண்மையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுகள் பெரும்பாலும் சட்டப்படியானவையே. அதுதான் பிரச்சினையும் ஆகும். சட்டத்தைக் கருவியாகக் கொண்டு ஆள்வது வேறு, ஆள்பவரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டிருப்பது வேறு. முன்னையது சர்வாதிகாரிகளுக்கும் இயலும். பின்னையது மாத்திரமே சுதந்திரமான சமூகம் ஒன்றிற்கு அடித்தளமாக அமைகின்றது. பெரும்பான்மையினரால் விரும்பப்படுகின்ற ஒருவரைச் சட்டம் எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கொண்டு இதனை அளவிட முடியாது. சந்தேகிக்கப்படுகின்ற, வெறுக்கப்படுகின்ற ஒருவர் பொலிஸ் நிலையத்தினுள் கொண்டுசெல்லப்பட்ட பின்னர் அவருக்கு என்ன நிகழ்கின்றது என்பதே அளவுகோலாகும்.

1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியாளர்களால் இயற்றப்பட்டது. மக்களின் உரிமைகள் மீது அவர்களுக்குப் பெரிய அக்கறை இருந்ததாக எவரும் கூறமாட்டார். ஆயினும், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக ஏற்கக்கூடாது என்ற விதி அதில் இருந்தது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஒப்புதல்கள் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதை அவர்களும் அறிந்தே இருந்தனர். சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின் மூலம் அந்தப் பாதுகாப்பை அகற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலம் சான்றாகலாம் என்றும், அது சுயவிருப்பில் அளிக்கப்பட்டதல்ல என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்றும் ஆனது.

இதன் விளைவை நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில் காணலாம். 1993 இல் கைது செய்யப்பட்ட இத்தமிழ் இளைஞருக்குச் சிங்களம் தெரியாது. அவருடையதெனக் கூறப்பட்ட வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரரே. அவர் அதில் பெருவிரல் அடையாளம் இட்டிருந்தார். உடலில் காயவடுக்கள் இருப்பதைக் காட்டும் மருத்துவ அறிக்கை முன்வைக்கப்பட்டும் 1995 இல் அவருக்கு 50 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. வாக்குமூலம் பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது சுமத்தியது தவறென ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004 இல் கண்டறிந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு அவர் உயர்நீதிமன்றத்தை நாடியபோது, அக்குழுவிடம் முறையிட வழிவகுத்த சர்வதேச நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என 2006 இல் கூறப்பட்டது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட ஒரு தாளில் பதிந்த விரலடையாளம் அவரைத் தொடர்ந்து சிறையில் வைத்திருந்தது.

அக்காலத்தில் இச்சட்டம் தமிழ் இளைஞர்களுக்கே உரியதெனப் பலரும் எண்ணியிருந்தனர். முஸ்லிம் சமூகத்தினரிடையேயும் அவ்வெண்ணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தினத் தாக்குதல்களின் பின்னர் நிலைமை மாறியது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு, 2022 பெப்ரவரியிலேயே பிணையில் வெளிவந்தார். மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைது செய்யப்பட்டார். 'நவரசம்' என்ற அவரது தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தை ஊக்குவிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அத்தொகுதியிலுள்ள சில கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் அறிந்துகொண்டிருக்கலாம். அவர் 2021 டிசம்பரில் பிணையில் விடுவிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தினால் குற்றமற்றவரென விடுதலை செய்யப்பட்டார். சிங்கராசாவுக்குச் சிங்கள வாக்குமூலம் பகையானது போன்று ஜஸீமுக்குத் தமிழ்க் கவிதை பகையானது. இருவருக்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்திருந்தது. சட்டம் ஒன்றுதான்.

2022 இல் அரகலய போராட்டத்தின் பின்னர் அது தெற்கிலும் பயன்படுத்தப்பட்டது. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே இச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். முன்னர் இச்சட்டத்தைத் தேசத்தின் காவலரணாகக் கருதிய சிங்கள மக்களில் ஒரு பகுதியினர் முதன்முறையாக அதன் பிரிவுகளை வாசிக்கத் தொடங்கினர். ஓர் இனத்தவருக்காகக் கதவு ஒன்றின் பூட்டை உடைத்தால், அக்கதவு மற்றையவர்களுக்கும் பூட்டற்றதாகவே இருக்கும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள 43 ஆண்டுகள் எடுத்தன.

கைது செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இத்தகைய சட்டங்களின் பாதிப்பைக் கணக்கிட முடியாது. யுத்தகாலத்தில் வடக்கு, கிழக்கில் எத்தனையோ குடும்பங்கள் தமது பிள்ளைகளின் நாட்குறிப்புகளையும் புகைப்படங்களையும் எரித்தன, அல்லது நிலத்தில் புதைத்தன. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் முஸ்லிம் வீடுகளில் அரபு எழுத்துள்ள நூல்களுக்கும் அதே கதி நேர்ந்தது. எது குற்றம் என்பது முன்கூட்டியே தெரியாதபோது மக்கள் எல்லாவற்றையும் குற்றமாகவே கருதி ஒதுங்கிக்கொள்கின்றனர். பொலிஸார் வரும் முன்னரே சுதந்திரம் வீட்டை விட்டு வெளியேறிவிடுகின்றது.

நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட சட்டமும் இதற்கு விதிவிலக்கல்ல. 2007 இல் நிறைவேற்றப்பட்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம் மனித உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதை அதன் 3 ஆம் பிரிவு தடை செய்கின்றது. 2019 மே மாதம் ஹசலக்கவில் முஸ்லிம் பெண் ஒருவர் இதே சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் இருந்த கப்பல் சுக்கானின் உருவம் தர்மசக்கரம் எனக் கருதப்பட்டமையே காரணம். அதே 2019 மே மாதத்தில்தான், நீதிமன்றத்தை அவமதித்தமைக்காக ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்த கலகொட அத்தே ஞானசார தேரருக்கு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொதுமன்னிப்பு வழங்கினார். 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதன் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அத்தேரரே. இதற்கு மேல் விளக்கம் அவசியமில்லை.

பொதுமன்னிப்பு அதிகாரம் பற்றி வேறொன்றும் கூறவேண்டியுள்ளது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்க 2015 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2019 இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. யுத்தகாலக் குற்றமொன்றில் இறுதிவரை சென்று முடிந்த மிகச் சில வழக்குகளில் இதுவும் ஒன்று. நாடு கொரோனா முடக்கத்தில் இருந்த 2020 மார்ச்சில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விடுவித்தார். இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களுக்கு ஒரு கையெழுத்து பதிலாகக் கிடைத்தது. இன்னொரு கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த துமிந்த சில்வாவுக்கு அதே ஜனாதிபதி 2021 இல் வழங்கிய மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஜனாதிபதியின் மன்னிப்பும் சட்டத்திற்கு உட்பட்டதே என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது வரவேற்கத்தக்கதாகும்.

நீதிமன்றங்கள் நிமிர்ந்து நின்ற தருணங்கள் வேறும் உண்டு. 1937 இல் தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த ஆளுநர் உத்தரவிட்டபோது, அன்றைய உயர்நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை ஏற்று அவரை விடுவித்தது. 2018 நவம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது அரசியலமைப்புக்கு முரணானது என ஏழு நீதியரசர்கள் டிசம்பரில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கு 'சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்' என்றே சட்ட அறிக்கைகளில் பதியப்பட்டுள்ளது. ஒரு தமிழ்த் தலைவரின் பெயரிலான வழக்கு முழு நாட்டினதும் பாராளுமன்றத்தை மீட்டது. தெற்கில் இதனை நினைவூட்டுவோர் குறைவு.

ஆனால், அதே நீதிமன்றத்தின் முன் கொவிட் தொற்றினால் இறந்தவர்களைக் கட்டாயமாகத் தகனம் செய்வதற்கு எதிரான மனுக்கள் வந்தபோது, 2020 டிசம்பர் முதலாம் திகதி அவை விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் பெரும்பான்மை முடிவினால் தள்ளுபடி செய்யப்பட்டன. காரணம் எதுவும் கூறப்படவில்லை. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தது. அம்மாதத்திலேயே பிறந்து இருபது நாட்களான முஸ்லிம் குழந்தை ஒன்றின் ஜனாஸா பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டது. வழக்கில் தோற்பவரும் ஏன் தோற்றோம் என்பதை அறியும் உரிமை உடையவர். காரணம் கூறப்படாத தீர்ப்பும் உத்தரவும் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒன்றாகவே தோன்றும். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்திற்கு அனுமதி வழங்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட உடல்களுக்கு அது காலங்கடந்தது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்கள் எமது பக்கத்தையும் நோக்குவது அவசியமாகும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறுவதற்குப் புலிகள் அளித்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். பின்னர் வன்னியில் புலிகளுக்கெனத் தனி நீதிமன்றங்களும் பொலிஸும் இருந்தன. காணித் தகராறுகள் அங்கு விரைவாகத் தீர்க்கப்பட்டன என்று இன்றும் சிலர் பெருமையுடன் கூறுவர். ஆனால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் ஒருவர் தன்னை வெளியேற்றியவர்களுக்கு எதிராகச் சென்று முறையிடக்கூடிய நீதிமன்றமாக அவற்றில் ஒன்றேனும் இருக்கவில்லை. ஆயுதம் தாங்கியவரைக் கேள்வி கேட்க முடியாத மன்றம், எத்தனை வழக்குகளை விரைந்து முடித்தாலும், நிர்வாக அலுவலகமேயன்றி நீதிமன்றமன்று.

இவ்விரு சமூகங்களும் ஒருவர் மற்றவரின் துயரை வேடிக்கை பார்த்த வரலாறு நீண்டது. மாறாக நிகழ்ந்த தருணங்களும் உள. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், தமிழ் அரசியல் கைதிகள் ஆகிய விடயங்களுடன் ஜனாஸா எரிப்பும் கோரிக்கையாக முன்வைக்கப்பட்டது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து பேரணியுடன் இணைந்துகொண்டனர்.

2022 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டபோது தடுப்புக்காவலின் உச்சக்காலம் 18 மாதங்களில் இருந்து 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. 16 ஆம் பிரிவு தொடப்படவில்லை. 2018 இலும் 2023 இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வந்து கைவிடப்பட்டன. 2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி இச்சட்டத்தை ஒழிப்பதாகத் தனது தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்களித்திருந்தது. எனினும் 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஒட்டி ஒன்றை ஒட்டிய முஸ்லிம் இளைஞர் இதே சட்டத்தின் கீழ் 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவில் வைக்கப்பட்டு, எதிர்ப்புகளின் பின்னர் ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார்.

எனவே, பழைய சட்டம் நீக்கப்படுகின்றதா என்று மட்டும் கேட்பது போதாது. எந்த மாற்று வரைவு முன்வைக்கப்பட்டாலும் அதன் தலைப்பையும் முகவுரையையும் கடந்து உள்ளே செல்ல வேண்டும். தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்திடுபவர் அமைச்சரா, பாதுகாப்புச் செயலாளரா, நீதிவானா என்பதைத் தேட வேண்டும். பொலிஸாரிடம் அளித்த வாக்குமூலம் வேறு பெயரில் மீண்டும் புகுந்துள்ளதா, வேலைநிறுத்தமும் ஊர்வலமும் பயங்கரவாதத்தின் வரைவிலக்கணத்திற்குள் அடங்கக்கூடுமா, கைதானவருக்கு அவரது சொந்த மொழியில் காரணம் எழுத்தில் வழங்கப்பட வேண்டுமா என்பவற்றைத் தமிழ், முஸ்லிம் சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஒரே மேசையில் அமர்ந்து வரி வரியாக வாசிக்க வேண்டும். சட்டமூலமொன்று பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற பின்னர் உயர்நீதிமன்றில் அதனை ஆட்சேபிப்பதற்கு அரசியலமைப்பு மக்களுக்கு வழங்கும் காலம் பதினான்கு நாட்களுக்கு மேற்பட்டதல்ல.